பத்து அணாவுக்குப் பத்துக் கொசு

விளக்கு வைக்கும் நேரம். திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். காதருகே 'ஙொய்ங்' என்று ஒரு சத்தம். சற்று நேரத்தில் முழங்கைக்குக் கீழே சுருக்கென்கிறது. பட்டென்று ஓர் அடி போடுகிறீர்கள். கொசு தப்பித்துவிட்டது! கடித்த இடத்தில் சின்னதாக ஒரு தடிப்பு. அரிக்கிறது. சொறிந்தால் இன்னும் அதிகமாக அரிக்கிறது.

காரைக்குடியில் மட்டுமா இது நடக்கிறது? தேவகோட்டையிலும் கானாடுகாத்தானிலும், ஏன், ஊர் உலகம் எங்கும் தினமும் நடப்பதுதான். நாமும் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு மறந்துவிடுகிறோம். ஆனால் 1890களில் ஓர் ராணுவ டாக்டர் இதை மறக்கவில்லை. குடித்த ரத்தத்தோடு பறந்துபோன கொசுவுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டார். நம் நாட்டில் உட்கார்ந்து, நூற்றுக்கணக்கான கொசுக்களை ஊசிமுனையால் அறுத்துப் பார்த்துப் பதிலைக் கண்டுபிடித்தார். அதற்காக நோபல் பரிசும் பெற்றார். அவர்தான் சர் ரொனால்டு ராஸ்.

அவருடைய கதைக்குப் போவதற்கு முன்னால், உங்கள் கையில் உள்ள அந்தத் தடிப்பைக் கொஞ்சம் கவனிப்போமா?

தோலுக்குள் ஒரு போர்

ஆண் கொசு மனிதர்களைக் கடிப்பதில்லை. செடிகொடிகளின் சாற்றைக் குடித்தே வாழ்ந்துவிடும். பெண் கொசுவுக்கு முட்டை வளர்வதற்குப் புரதம் வேண்டும். அது நம் ரத்தத்தில் இருக்கிறது. ஆனால் ஒரு சிக்கல். அடிபட்ட இடத்தில் ரத்தம் உறைந்துவிடும் அல்லவா? ஊசி போன்ற அதன் குழாய்க்குள் ரத்தம் உறைந்துபோனால் கொசு எப்படிக் குடிக்கும்? அதனால், குடிக்கும்போதே தன் உமிழ்நீரை நம் தோலுக்குள் செலுத்துகிறது. ரத்தத்தை உறையவிடாமல் தடுக்கும் பொருள்கள் அதில் உள்ளன.

இந்த உமிழ்நீர் நம் உடலுக்கு அந்நியப் பொருள். நம் தோலுக்கு அடியில் 'மாஸ்ட் செல்' என்ற காவலர்கள் எப்போதும் விழித்திருக்கிறார்கள். அந்நியன் வந்துவிட்டான் என்று தெரிந்ததும், 'ஹிஸ்டமின்' என்ற பொருளை அவர்கள் வெளியே கொட்டுகிறார்கள். கோட்டையில் அபாயச் சங்கு ஊதுவதைப் போன்றது அது. உடனே அந்த இடத்தில் உள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் அகலமாகின்றன. அவற்றின் சுவர்கள் வழியே நீர் கசிகிறது. வெள்ளை அணுக்கள் அங்கே விரைகின்றன. நீர் கசிவதால் தடிப்பு. ரத்தம் பெருகுவதால் சிவப்பு. ஹிஸ்டமின் நரம்புகளைத் தொடுவதால் அரிப்பு. ஆக, தடிப்பையும் அரிப்பையும் உண்டாக்குவது உங்கள் உடலின் படைதான்!

இன்னொரு வியப்பும் உண்டு. ஒரு குழந்தையை வாழ்க்கையில் முதன்முதலாகக் கொசு கடிக்கும்போது பெரும்பாலும் தடிப்பே வராது. அந்த உமிழ்நீர் யாருடையது என்று படைக்கு அப்போது தெரியாது. பிறகு அதை அடையாளம் கண்டு, அதற்கென்றே எதிர்ப்பொருள்களைத் தயாரித்து மாஸ்ட் செல்களின் மேல் பொருத்தி வைக்கிறது. அடுத்த கடிகளில்தான் சங்கு ஒலிக்கும். ஆண்டுக்கணக்கில் கடி வாங்கிய பெரியவர்களுக்கு இந்த ஆர்ப்பாட்டம் மெல்லக் குறைந்துவிடுவதும் உண்டு.

மாட்டின் காதிலும் நாயின் கழுத்திலும் உண்ணி ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கொசுவைவிடப் பெரிய தந்திரசாலி. கொசு ஓரிரு நிமிடங்களில் பறந்துவிடும். உண்ணியோ நாள்கணக்கில் அதே இடத்தில் ஒட்டியிருக்கும். அவ்வளவு நேரம் அரித்துக்கொண்டே இருந்தால் பிய்த்து எறிந்துவிடுவோமே! அதனால் அதன் உமிழ்நீரில் ஹிஸ்டமினை அடக்கும் பொருள்களும் நம் படையை மந்தமாக்கும் பொருள்களும் இருக்கின்றன. சங்கு ஒலிக்காமலே திருடன் வீட்டுக்குள் குடியிருப்பான்! கர்நாடகத்தின் சிமோகா பகுதிக் காடுகளில் 1957இல் குரங்குகள் இறந்து விழுந்தன. மனிதர்களுக்கும் கடும் காய்ச்சல் வந்தது. அந்தக் கிருமியைச் சுமந்து சென்றது உண்ணிதான் என்று கண்டறிந்தார்கள். கியாசனூர் காட்டு நோய் என்று அதற்குப் பெயர். அதனால், உடம்பில் உண்ணி ஒட்டியிருந்தால் நசுக்காமல் பெரியவர்களிடம் காட்டுங்கள்.

சரி, வெறும் உமிழ்நீர் என்றால் அரிப்போடு போய்விடும். அந்த உமிழ்நீரோடு ஓர் உயிர்க்கொல்லிக் கிருமியும் சேர்ந்து உள்ளே நுழைந்தால்? அப்படி நுழைகிறது என்பதே 1897க்கு முன்பு யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

கவிஞராக ஆசைப்பட்ட சிறுவன்

ரொனால்டு ராஸ் 1857ஆம் ஆண்டு மே 13ஆம் தேதி, இமயமலை அடிவாரத்து ஊரான அல்மோராவில் பிறந்தார். அப்பா ஆங்கிலேய ராணுவ அதிகாரி. பத்துக் குழந்தைகளில் ராஸ்தான் மூத்தவர். அந்தக் கால வழக்கப்படி, எட்டு வயதிலேயே அவரைப் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா, அப்பா, தம்பி, தங்கைகளை விட்டுவிட்டு, உறவினர் வீட்டில் வளர்ந்தார்.

ராஸுக்குக் கவிதை எழுதப் பிடிக்கும். ஓவியம் பிடிக்கும். இசை பிடிக்கும். கணக்கு என்றால் உயிர். மருத்துவம் மட்டும் பிடிக்காது! ஆனால் மகன் டாக்டராகி இந்திய மருத்துவப் பணியில் சேர வேண்டும் என்பது அப்பாவின் விருப்பம். லண்டனில் உள்ள புனித பார்த்தலோமியூ மருத்துவக் கல்லூரியில் 1874இல் ராஸ் சேர்ந்தார். பாடத்தைவிடப் பாட்டிலும் கவிதையிலும்தான் மனம் போயிற்று. தேர்வில் தோல்வியும் கண்டார். லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஓடிய கப்பலில் டாக்டராகக் கொஞ்ச காலம் வேலை பார்த்தார். பிறகு ஒருவழியாகத் தேறி, 1881இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார்.

அவருக்குக் கிடைத்த இடம் எது தெரியுமா? நம் சென்னை மாகாணம்தான். ராணுவ வீரர்களுக்கு வைத்தியம் பார்ப்பது வேலை. மீதி நேரத்தில் கணக்குப் புத்தகங்களைப் படித்தார். கதை, கவிதை எழுதினார். பிறகு பர்மாவுக்கும் அந்தமானுக்கும் போனார். அதே காலத்தில் செட்டிநாட்டுக் குடும்பங்களில் இருந்தும் பலர் கப்பலேறி வணிகத்துக்காகப் பர்மா போய்க்கொண்டிருந்தார்கள். போன இடங்களில் எல்லாம் அவர்களையும் ஆங்கிலேய வீரர்களையும் ஒரே எதிரி வாட்டியது. அதுதான் முறைக்காய்ச்சல், அதாவது மலேரியா.

பெங்களூரில் ஒரு தண்ணீர்த் தொட்டி

1883இல் ராஸ் பெங்களூரில் இருந்தார். தங்கியிருந்த பங்களா வசதியானது. ஒரே குறை, கொசுத் தொல்லை! மற்ற அறைகளைவிடத் தம் அறையில் மட்டும் கொசு அதிகமாக இருப்பது ஏன் என்று யோசித்தார். சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். அங்கே ஒரு தண்ணீர்த் தொட்டி. அதற்குள் சின்னச் சின்னப் புழுக்கள் நெளிந்து கொண்டிருந்தன. தொட்டியைக் கவிழ்த்தார். சில நாட்களில் கொசு வெகுவாகக் குறைந்துவிட்டது!

உற்சாகத்தோடு ராணுவ அதிகாரி ஒருவரிடம் போய், மற்ற இடங்களில் உள்ள தொட்டிகளையும் தொட்டி போன்ற பாத்திரங்களையும் கவிழ்த்துவிடலாம் என்றார். அந்த அதிகாரி ஒப்புக்கொள்ளவில்லை. கொசு என்பது இயற்கையின் ஏற்பாடு, பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்பது அவருடைய எண்ணம். ராஸ் திரும்பிவிட்டார். ஆனால் தொட்டியில் நெளிந்த அந்தப் புழுக்களை அவர் மறக்கவில்லை.

கெட்ட காற்றா, கொசுவா?

அந்தக் காலத்தில் மலேரியா எப்படி வருகிறது என்று நினைத்தார்கள் தெரியுமா? சதுப்பு நிலங்களில் இருந்து கிளம்பும் கெட்ட காற்றால் வருகிறது என்று! இத்தாலிய மொழியில் 'மால் ஆரியா' என்றால் கெட்ட காற்று. அதிலிருந்துதான் மலேரியா என்ற பெயரே வந்தது. உடல் வெடவெடவென்று நடுங்கும். பிறகு காய்ச்சல் கொதிக்கும். பிறகு வியர்த்துக் கொட்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இதே முறையில் திரும்பத் திரும்ப வரும். கசப்பான கொய்னா மருந்து ஒன்றுதான் கைகொடுத்தது.

1880இல் அல்ஜீரியாவில் இருந்த பிரெஞ்சு டாக்டர் லவரான், நோயாளியின் ரத்தத்தில் மலேரியாக் கிருமியை மைக்ராஸ்கோப்பில் கண்டார். கிருமி தெரிந்துவிட்டது. ஆனால் அது ரத்தத்துக்குள் எப்படி நுழைகிறது? யாருக்கும் தெரியவில்லை.

1894இல் ராஸ் விடுமுறையில் லண்டன் போனார். அங்கே பாட்ரிக் மேன்சன் என்ற டாக்டரைச் சந்தித்தார். யானைக்கால் நோயை உண்டாக்கும் புழு, கொசுவின் உடலுக்குள் வளர்கிறது என்பதைச் சீனாவில் கண்டவர் அவர். மலேரியாக் கிருமியை ராஸுக்கு மைக்ராஸ்கோப்பில் காட்டினார். இந்தக் கிருமிக்கும் கொசுவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற தம் ஐயத்தையும் சொன்னார். மனம் போன போக்கில் அலைந்துகொண்டிருந்த ராஸுக்கு, 37ஆவது வயதில் வாழ்க்கையின் வேலை கிடைத்துவிட்டது!

உசேன் கானும் பத்து அணாவும்

1895இல் இந்தியாவுக்குத் திரும்பிய ராஸுக்கு ஐதராபாத்தை ஒட்டிய செகந்திராபாத்தில் வேலை. காய்ச்சல்காரர்களைக் கொசுவலைக்குள் படுக்கவைத்து, கொசுக்களைக் கடிக்கவிட்டார். ரத்தம் குடித்த கொசுக்களைப் புட்டியில் வைத்துக் காத்திருந்து, பிறகு அறுத்துப் பார்த்தார்.

கொசுவின் வயிற்றை அறுப்பது என்றால் சும்மாவா? வெயில் காலம். மின்விசிறி கிடையாது. பங்காவை ஆட்டினால் கொசு பறந்துவிடும். அதனால் அதையும் நிறுத்திவிட்டார். கண்ணைச் சுற்றிக் குட்டி ஈக்கள் மொய்க்கும். நெற்றி வியர்வை வழிந்து மைக்ராஸ்கோப்பின் திருகாணிகள் துருப்பிடித்துவிட்டன. கண்ணாடியில் விரிசலும் விழுந்துவிட்டது. இரண்டு ஆண்டுகள் உழைத்தும் ஒன்றும் கிடைக்கவில்லை!

ஏன் தெரியுமா? அவர் சோதித்தவை வேறு வகைக் கொசுக்கள். மலேரியாவை மனிதர்களிடையே பரப்புவது அனோபிலிஸ் என்ற இனம் மட்டுமே. அது அப்போது ராஸுக்குத் தெரியாது. இடையில் காலரா வேலைக்காகப் பெங்களூருக்கும் அனுப்பிவிட்டார்கள்.

1897 கோடையில் விடுமுறைக்காக ராஸ் ஊட்டிக்கு வந்தார். ஊரைச் சுற்றிப் பார்க்கவா? இல்லை! மலைக்குக் கீழே, காய்ச்சலுக்குப் பேர்போன சீகூர் பள்ளத்தாக்குக்குக் கொசு தேடிப் போனார். அங்கே அவருக்கே மலேரியா வந்துவிட்டது. கொய்னா சாப்பிட்டுத் தேறிய அவர், அங்கே சுவரில் ஒரு புதுவிதக் கொசுவைப் பார்த்தார். மற்ற கொசுக்கள் சுவருக்கு இணையாக உட்காரும். இதுவோ வாலைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்கார்ந்திருந்தது. இறக்கையில் புள்ளிகள் இருந்தன. அதைக் கவனமாக மனத்தில் குறித்துக்கொண்டார்.

செகந்திராபாத் திரும்பியதும் அந்தப் புள்ளி இறக்கைக் கொசுவைத் தேடினார். ஆகஸ்டு நடுவில், உதவியாளர் ஒருவர் புழுக்களைப் பிடித்துப் புட்டியில் கொண்டுவந்தார். புழுக்கள் வளர்ந்து கொசுக்களாயின. அதே புள்ளி இறக்கை!

ஆகஸ்டு 16. மருத்துவமனையில் உசேன் கான் என்ற மலேரியா நோயாளி இருந்தார். அவர் உடம்பில் பத்துக் கொசுக்கள் ரத்தம் குடித்தன. கொசு ஒன்றுக்கு ஓர் அணா வீதம் அவருக்குப் பத்து அணா கொடுத்தார் ராஸ். பதினாறு அணா சேர்ந்தால் ஒரு ரூபாய். காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்த அந்த மனிதர் கையை நீட்டியிருக்காவிட்டால் இந்தக் கதையே இல்லை. நோபல் பரிசுப் பட்டியலில் உசேன் கானின் பெயர் கிடையாது. ஆனால் மலேரியாவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அவரை விட்டுவிடுவதில்லை. நீங்களும் அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்டு 20, 1897

நான்கு நாட்கள் ஓடின. சில கொசுக்கள் செத்துவிட்டன. சிலவற்றை அறுத்தும் பயனில்லை. ஒரு சில கொசுக்களே மிச்சம். ஆகஸ்டு 20 அன்று அவற்றில் ஒன்றை எடுத்து அறுத்தார். உறுப்பு உறுப்பாகப் பார்த்தார். ஒன்றுமில்லை. கண் வலித்தது. வயிற்றுச் சுவர் மட்டும் பாக்கி. இதையும் பார்க்கத்தான் வேண்டுமா என்ற சோர்வு. இருந்தாலும் பார்த்தார்.

அங்கே வட்டமாக ஓர் உயிரணு! அதற்குள் கரும்பழுப்பாகச் சின்னச் சின்னத் துகள்கள்!

இந்தத் துகள்களைக் கண்டதும் ராஸ் ஏன் துள்ளினார்? மலேரியாக் கிருமி ரத்தச் சிவப்பணுவைத் தின்ற பிறகு மிச்சம் வைக்கும் குப்பைதான் அந்தக் கருந்துகள். நோயாளிகளின் ரத்தத்தில் அதை அவர் எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். இப்போது அதே துகள் கொசுவின் வயிற்றில்! மறுநாள் இன்னொரு கொசுவை அறுத்தார. அந்த உருண்டைகள் இன்னும் பெரிதாகியிருந்தன. அப்படியானால் அவை உயிரோடு வளர்கின்றன என்றுதானே பொருள்? மகிழ்ச்சி தாங்காமல் ராஸ் ஒரு கவிதை எழுதினார். அன்று முதல் ஆகஸ்டு 20ஐக் கொசு நாளாகக் கொண்டாட வேண்டும் என்றும் விரும்பினார். இன்றும் உலகக் கொசு நாள் அதே தேதியில்தான் வருகிறது.

சிட்டுக்குருவிகள் சொன்ன பதில்

வெற்றி கிடைத்த கையோடு மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. என்ன உத்தரவு? பாராட்டா? இல்லை, இடமாற்றம்! ராஜஸ்தானத்தில் கேர்வாரா என்ற ஊருக்கு. அங்கே மலேரியாவே அதிகம் கிடையாது. ராஸ் மனம் நொந்துபோனார். மேன்சன் லண்டனில் இருந்து முயன்றதால், 1898 தொடக்கத்தில் கொல்கத்தாவில் ஆராய்ச்சி செய்ய இடம் கிடைத்தது.

அங்கேயும் தடை. போதுமான மனித நோயாளிகள் கிடைக்கவில்லை. ராஸ் சிட்டுக்குருவிகளின் பக்கம் திரும்பினார். குருவிகளுக்கும் ஒரு வகை மலேரியா வரும். அதைப் பரப்புவது வேறு வகைக் கொசு. முகமது பக்ஸ் என்ற உதவியாளர் கொசுக்களையும் குருவிகளையும் பிடித்துவந்து, இரவு பகலாகக் கூடவே உழைத்தார்.

நோயுள்ள குருவியைக் கடித்த கொசுவின் வயிற்றில் அதே உருண்டைகள். அவை நாளுக்கு நாள் பெருத்து வெடித்தன. உள்ளிருந்து நூல் போன்ற, இரு முனையும் கூரான கிருமிகள் ஆயிரக்கணக்கில் வெளியே வந்தன. அவை எங்கே போகின்றன? 1898 ஜூலையில் விடை கிடைத்தது. கொசுவின் தலைக்குப் பக்கத்தில் உள்ள சிறு சுரப்பியில் போய்க் குவிந்திருந்தன. அது என்ன சுரப்பி? உமிழ்நீர்ச் சுரப்பி!

இப்போது எல்லாம் புரிகிறது அல்லவா? ரத்தம் உறையாமல் இருக்கக் கொசு செலுத்துகிறதே, அதே உமிழ்நீரில்தான் மலேரியாக் கிருமியும் ஒளிந்து வருகிறது. அந்தக் கொசுக்கள் கடித்ததும் நலமாக இருந்த குருவிகளுக்கும் காய்ச்சல் கிருமி வந்துவிட்டது. வட்டம் முழுமையாகிவிட்டது. அதே ஆண்டு இறுதியில், மனித மலேரியாவை அனோபிலிஸ் கொசு பரப்புவதை இத்தாலியில் கிராசி என்ற அறிஞரும் அவருடைய நண்பர்களும் மெய்ப்பித்தார்கள்.

படையை ஏமாற்றும் கிருமி

தோலுக்குள் அத்தனை காவலர்கள் இருக்கும்போது மலேரியாக் கிருமி எப்படித் தப்புகிறது? அதன் வேகமும் வேடமும்தான் காரணம். தோலுக்குள் இறங்கிய கூர்முனைக் கிருமிகள் ரத்தத்தோடு கலந்து, ஓரிரு மணி நேரத்துக்குள் கல்லீரலை அடைந்து உயிரணுக்களுக்குள் பதுங்கிவிடுகின்றன. படை அவற்றைக் கண்டுபிடிப்பதற்குள் கதவைச் சாத்திக்கொள்கின்றன. உள்ளே ஒன்று ஆயிரக்கணக்கில் பெருகுகிறது. ஒரு வாரத்துக்கு மேல் நமக்கு ஒன்றுமே தெரியாது. பிறகு கூட்டமாகக் கிளம்பி, சிவப்பணுக்களுக்குள் நுழைந்து அவற்றைத் தின்று வெடிக்கவைக்கின்றன. வெடிக்கும் நேரத்தில்தான் குளிரும் காய்ச்சலும்.

அப்போது படை விழித்துக்கொள்கிறது. மண்ணீரல் இரவு பகலாக ரத்தத்தை வடிகட்டி வீங்கிப்போகிறது. ஆனால் கிருமி தன் அடையாளத்தை மாற்றி மாற்றி ஏமாற்றுகிறது. பல முறை மலேரியா வந்தவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி உண்டாகும். முழுப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. சின்னக் குழந்தைகளுக்கோ அந்த ஓரளவு பாதுகாப்பும் இல்லை. அதனால்தான் மலேரியா மற்ற எல்லாரையும்விடக் குழந்தைகளைக் கொல்கிறது.

நம் உடலின் படை வலிமையானதுதான். ஆனால் எதிரி எந்த வாசல் வழியாக வருகிறான் என்று தெரிந்தால், படைக்கு வேலை வைக்காமலே வாசலை அடைத்துவிடலாம் இல்லையா? ராஸ் காட்டியது அந்த வாசலைத்தான்.

கடல் தாண்டிய பயன்

1899இல் ராஸ் ராணுவ வேலையை விட்டு, இங்கிலாந்தில் லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஆசிரியரானார். 1902இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1911இல் 'சர்' பட்டமும் கிடைத்தது.

ராஸ் எளிதில் கோபப்படுகிறவர். கண்டுபிடிப்பின் பெருமை யாருக்கு என்று கிராசியோடு ஆண்டுக்கணக்கில் சண்டை போட்டார். இருவருடைய வேலையும் உலகத்துக்கு வேண்டியிருந்தது என்பதே உண்மை.

பரிசைவிடப் பெரிய பயன் வேறு இடங்களில் விளைந்தது. மலேயாவில் கிள்ளான் என்ற ஊரில் மால்கம் வாட்சன் என்ற டாக்டர் இருந்தார். ராஸின் கண்டுபிடிப்பைப் படித்த அவர், 1901இல் ஊரைச் சுற்றிய சதுப்புகளில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தார். காய்ச்சல் சாவுகள் மளமளவென்று குறைந்தன. மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அங்கே தொழில் நடத்திய செட்டிநாட்டார்களும் பலர். கொசுவோடு நடந்த அந்தப் போர் நம் முன்னோர் எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது. பனாமா கால்வாயிலும் இதே கதைதான். முதலில் வெட்டப் போன பிரெஞ்சுக்காரர்கள் காய்ச்சல்களுக்கு ஆயிரக்கணக்கில் பலியாகி, வேலையைக் கைவிட்டார்கள். பிறகு அமெரிக்கர்கள் கொசுவை ஒழித்துவிட்டுக் கால்வாயை வெட்டி, 1914இல் திறந்தார்கள்.

கணக்கை உயிராக நேசித்தார் அல்லவா ராஸ்? அதுவும் வீண்போகவில்லை. ஒரு ஊரில் எத்தனை கொசு இருந்தால் நோய் பரவும், எத்தனை குறைந்தால் நின்றுபோகும் என்று கணக்குச் சூத்திரம் எழுதினார். எல்லாக் கொசுவையும் கொல்ல வேண்டியதில்லை, ஓர் அளவுக்குக் கீழே குறைத்தாலே போதும் என்று காட்டினார். இன்று தொற்றுநோய் பரவுவதைக் கணக்கிடும் அறிஞர்கள் அவரை முன்னோடியாகக் கருதுகிறார்கள்.

1927இல் கொல்கத்தாவில் தம் பழைய ஆய்வுக்கூடத்துக்கு அருகே அமைந்த நினைவு வாயிலைத் திறக்க ராஸ் மீண்டும் இந்தியா வந்தார். 1932 செப்டம்பர் 16ஆம் தேதி லண்டனில் காலமானார்.

போர் இன்னும் முடியவில்லை

2023ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 6 லட்சம் பேர் மலேரியாவால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. பெரும்பாலோர் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த, ஐந்து வயதுகூட நிரம்பாத குழந்தைகள். நல்ல செய்தியும் உண்டு. 2021இல் முதல் மலேரியா தடுப்பூசிக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரை வழங்கியது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகமும் புனேயில் உள்ள சீரம் இன்ஸ்டிடியூட்டும் சேர்ந்து உருவாக்கிய இன்னொரு தடுப்பூசிக்கு 2023இல் பரிந்துரை கிடைத்தது.

இந்தத் தடுப்பூசிகள் எதைப் பிடிக்கக் கற்றுக்கொடுக்கின்றன தெரியுமா? கொசுவின் உமிழ்நீரில் வரும் அந்தக் கூர்முனைக் கிருமியை! 1898இல் கொல்கத்தாவில், குருவி மலேரியாவில் ராஸ் பார்த்தாரே, அதே வடிவத்தை! கிருமி கல்லீரலுக்குள் கதவைச் சாத்திக்கொள்வதற்கு முன்பே மடக்கிப் பிடிக்க, நம் படைக்கு அதன் அடையாளத்தை முன்கூட்டியே காட்டிவைக்கிறார்கள்.

செட்டிநாடு மழை குறைந்த வறண்ட சீமை. அதனால் ஒரு துளியையும் வீணாக்காமல் சேர்த்துவைப்பது நம் ஊர்ப் பழக்கம். நான்கு பக்கத்து ஓட்டுக் கூரையில் இருந்தும் முற்றத்தில் விழும் மழையை அண்டாவிலும் கொப்பரையிலும் பிடிப்பார்கள். ஊருணியில் தேக்கிவைப்பார்கள். அது நல்ல பழக்கம், விட்டுவிடாதீர்கள். ஊருணியில் மீன்கள் இருந்தால் கொசுப்புழுக்களைத் தின்றுவிடும். ஆனால் வீட்டு அண்டாவில் மீன் ஏது? மூடாமல் விட்டால் டெங்குக் கொசு அதில் முட்டையிடும். பகலிலேயே கடிக்கும் கொசு அது! மாடித் தொட்டியும் கிணறும் திறந்து கிடந்தால் மலேரியாக் கொசுவுக்குக் கொண்டாட்டம்.

முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள் வரை ஆகும். ஆகவே வாரத்துக்கு ஒரு நாள் போதும். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டைச் சுற்றி ஒரு முறை நடந்து பாருங்கள். கொல்லைப்புறத்துத் தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், பூந்தொட்டியின் அடித்தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, எல்லாவற்றையும் எட்டிப் பாருங்கள். தண்ணீரில் ஏதாவது நெளிகிறதா? குடிநீர்ப் பாத்திரமானால் தேய்த்துக் கழுவித் துணியால் வேடுகட்டச் சொல்லுங்கள். வேண்டாத தண்ணீரானால் தயங்காமல் கவிழ்த்துவிடுங்கள். பெங்களூரில் 1883இல் ஓர் இளம் டாக்டர் அதைத்தான் செய்தார்.